பக்கத்து சீட்

"அங்கிள், வண்டி யாரு ஓட்டுவாங்க?" ஷோரூம் பெண் முதலில் கேட்டதே அதுதான். சட்டையில் லீனா என்று பெயர் குத்தியிருந்தாள். என் வீட்டுக்காரர் ஜெயராஜ் காதில் விழாத மாதிரி நின்றார். நான் கையைத் தூக்கினேன். "நான்தான்மா. மௌரீன். லைசென்ஸ் வாங்கியாச்சு."

எங்களுக்குச் செடி வியாபாரம். வீடு ஒக்கலிபுரத்தில். ரோஜா, செம்பருத்தி, மணி பிளான்ட் எல்லாம் தொட்டியோடு ஏற்றிக்கொண்டு போய் அபார்ட்மென்ட் வாசல்களில் விற்போம். இவர் மூன்று சக்கர கூட்ஸ் ஆட்டோ ஓட்டுவார், நான் கூடப் போவேன். போன வருஷம் சுகர் இவர் கண்ணில் இறங்கிவிட்டது. ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவை விற்ற நாளிலிருந்து மனுஷன் கட்டிலை விட்டு நகருவதில்லை. சர்ச்சுக்குக்கூட வருவதில்லை. தெருவே கேட்கிற மாதிரி பேசித் திரிந்த ஆள், ஃபேனைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு வயிறு எரியாதா? நானே போய் டிரைவிங் கிளாஸில் சேர்ந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் வியாபாரத்துக்கு என்றேன். வியாபாரம் பாதி, இந்த ஆளை வீட்டை விட்டு வெளியே இழுப்பது மீதி.

லீனா இரண்டு வண்டி காட்டினாள். ஒன்று பழையபடி கூட்ஸ் ஆட்டோ, இன்னொன்று குட்டி யானை என்கிற நாலு சக்கரச் சின்ன லாரி. இவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு ஆட்டோ பக்கமே போய் நின்றார். "இதுவே போதும். நம்ம சந்துல இதுதான் நுழையும். செலவும் கம்மி." சொன்னது அத்தனையும் நியாயம், அதுதான் எனக்கு எரிச்சல். அந்த ஆட்டோவில் டிரைவருக்கு மட்டும்தான் சீட்.

"இதுல நீங்க எங்க உட்காருவீங்க?"

"நான் எதுக்கு? அந்த எடத்துல நாலு தொட்டி வெக்கலாம்."

"தொட்டியா வந்து கஸ்டமர்கிட்ட பேசும்?"

லீனா போனைக் காதில் வைத்துக்கொண்டு நைசாக நகர்ந்தாள். கெட்டிக்காரி. அவள் போனதும் இவர் குரலைத் தணித்தார். "பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல பொம்மை மாதிரி உட்காரணுமா நான்? தெரிஞ்சவங்க பார்ப்பாங்க மௌரீன். பார்க்கறது யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எனக்கு எப்போதும் கோபம்தான் முந்தும். "இத்தனை வருஷமா உங்க சீட்டு ஓரத்துல பாதி உடம்பு வெளிய தொங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தேனே, நான் பொம்மையா? ஊரே பார்த்துச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சா? உங்க பக்கத்துல இருக்கோம்னு பெருமையாத்தான் இருந்துச்சு. இப்பத் தனியாப் போக எனக்குப் பிடிக்கலைங்க. சந்துல நுழையலைன்னா மெயின் ரோட்டுல நிறுத்திட்டுத் தொட்டியை நான் சுமக்கறேன். நீங்க வர்றீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

இவர் குட்டி யானை பக்கம் நடந்து போய், இடதுபக்கக் கதவின் பிடியைத் துழாவிப் பிடித்தார். "ஒரு சுத்து. ஓட்டிப் பார்க்க மட்டும்தான்."

லீனா சாவியைக் கொடுத்து, சர்வீஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வரச் சொன்னாள். கேட்டைத் தாண்டும்போதே வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருக்க என்ன பாடுபட்டார் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். பஸ் ஒன்று குறுக்கே வந்தபோது நான் பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் இவருடைய வலது காலும் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"லெஃப்ட் எடுக்கறேங்க."

இண்டிகேட்டர் போட்டேன். பின்னால் ஒரு பைக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை முழுசாக வெளியே நீட்டி, மெதுவா மெதுவா என்று ஆட்டினார்.

"குரு, ஸ்வல்ப நில்லு! மேடம் திரும்பறாங்க, தெரியல?"

பாதி கன்னடம், பாதி தமிழ், தெருவே கேட்கிற அந்தப் பழைய குரல். ஹாரன் நின்றது. திரும்பி முடித்து வண்டி நேராக ஓட ஆரம்பித்த பிறகும், நீட்டிய கையை அவர் உள்ளே எடுக்கவில்லை.