எட்வர்டின் பிறந்த வீடும் நான்கெல்லையும்

எட்வர்டுக்கு ஊர் தெரியும், தெரு தெரியும், வாசலில் நின்ற வேம்பும் தெரியும். கதவு எண் மட்டும் தெரியாது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜெபிஷா குடும்ப வரலாற்றுப் புத்தகம் போடுகிறாள். மறுநாள் அச்சுக்குப் போகிறது. பெரியப்பா மகன் ஜேம்ஸ்ராஜ் தான் பிறந்த தீப்பெட்டிக் குடோனுக்கு 'மாளிகை' என்று பெயர் சூட்டி, எண்ணோடு அனுப்பிவிட்டார். எட்வர்டின் இடம் மட்டும் காலி. அப்படியே அச்சேறினால், தாத்தாவை ரயிலில் கண்டெடுத்தார்கள் என்றுதானே பேரப்பிள்ளைகள் நினைக்கும்? கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார்.

பழைய கடிதங்கள் உதவவில்லை. மழைக்காலத்தில் அந்தத் தெருக் கரிசலில் இறங்கிய சைக்கிள் பொங்கலுக்குத்தான் வெளியே வரும். ஒரு தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே பணி ஓய்வு பெற்றார். அதிலிருந்து தெரு மொத்தத்துக்கும் டீக்கடை முகவரிதான்.

வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஃபைல். இந்தக் கோலத்தில் ஒருவர் வந்து பழைய வீட்டை விசாரித்தால் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். திருச்சியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அது மறந்துபோயிருந்தது. ஏழு கதவுகள் சாத்திக்கொண்டன. வேம்பு நின்ற வீட்டில் அதன் இப்போதைய சொந்தக்காரி கிருஷ்ணவேணி வாசலை மறித்து நின்றாள்.

"நான் இங்கனதாம்மா பொறந்தேன். கதவு நம்பர் என்ன?"

"இங்கன யாரும் பொறக்கல அண்ணாச்சி. நம்பரும் கெடையாது."

"கரண்டு பில்லு எப்படி வருது?"

"அது பாட்டுக்கு வருது."

"இந்த வேப்பமரம் அப்பவே நின்னுச்சே!"

"இதா? போன மாசம் வச்சது."

கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும். எட்வர்ட் அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம்மா. நாங்க வாடகைக்கு இருந்தவிய."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுதாவ. பெறவு வக்கீலோட வருதாவ. எழுதிக் குடுப்பீயளா?"

"குடுக்கேன்."

பத்திரம் எழுதும் பூவனலிங்கம் பத்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தார். "முப்பது வருசமா எழுதுதேன். இல்லாத சொத்தை விட்டுக்குடுக்க வந்த மகராசனை இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்று கும்பிட்டார். பிறகு கிருஷ்ணவேணியிடம் திரும்பினார். "எந்த வீடுன்னு வெவரமா இருக்கணும் தாயி. இல்லன்னா, நான் விட்டது பக்கத்து வீட்டன்னு நாளைக்கே மாத்திச் சொல்லுவாவ."

கிருஷ்ணவேணிக்கு வேர்த்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் பீரோவில் இருந்த காகிதம் அத்தனையையும் அள்ளிவந்து கொட்டினாள். "ஒரு எழுத்து விடாதீக அண்ணாச்சி! பழைய நம்பர், புது நம்பர், வார்டு, சர்வே நம்பர், எல்லாம் எழுதுங்க!"

எட்வர்ட் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வாங்கி, படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

"அப்பா, ஒரு வரி கேட்டா மூணு பக்கம் வந்திருக்கு!"

"ஒரு எழுத்து கொறையாமப் போடு."

போட்டாள். வடக்கே சந்தனமாரியின் ஆட்டுக்கொட்டில், தெற்கே பொதுப்பாதை, கிழக்கே அடிபம்பு, மேற்கே காலிமனை ஆகிய நான்கெல்லைக்குள் எட்வர்ட் பிறந்தார். அதில் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எக்காலத்திலும் யாதொரு பாத்தியதையும் இல்லையென இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சம்மதித்தார்.