காலியில் இறங்காத மிளகு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. டோர்ட்மண்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. வடைக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிரபாலினி சொன்னது. வயது முப்பத்து மூன்று. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் சுங்கப் பத்திரம் எழுதுவது அவள் வேலை. எங்கள் முறை வருவதற்குள் வடை தீர்ந்துவிட்டது; கதை தீரவில்லை.

"எழுதுறதெண்டா எழுதுங்கோ அண்ணை. ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிப் போடாதேங்கோ."

முதல் பாதியை நிறைவேற்றுகிறேன். இரண்டாவது பாதிக்கு உத்தரவாதம் இல்லை.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'1883, ஜூன். காலித் துறைமுகத்தின் மேல் கருமேகங்கள் திரண்டு' — வேண்டாம். அந்த மேகத்தை நான் பார்க்கவில்லை.

'இரண்டு துறைமுகங்கள் ஒரே கப்பலுக்கு ஆசைப்பட்டால்' — இது கட்டுரை. வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

'ரயில் நின்றது.' — இது போதும்.

2

ரயில் நின்றது. ஹனோவரிலிருந்து கொலோன் போகிற ரயில், பீலெஃபெல்ட் தாண்டிப் பத்தாவது நிமிடத்தில். தண்டவாளத்தில் மரம் விழுந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். ஜன்னலோரம் பிரபாலினி. ஹனோவரில் ஒரு வாடிக்கையாளருடன் சந்திப்பை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஓர் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு, போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க சுபத்ரா. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்."

போனை வைத்ததும் பிரபாலினியே கேட்டாள், தமிழோ என்று. தமிழேதான். பெயர் ரவிச்சந்திரன், வயது நாற்பத்தொன்று. திருநெல்வேலியில் கல்லூரி வரலாற்று ஆசிரியர். நீண்ட விடுப்பு எடுத்து, ஐந்து வருடம் உழைத்து, ஆய்வேட்டை எழுதி முடித்திருக்கிறார். பெட்டிக்குள் அதன் நான்கு பிரதிகள். கொலோன் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். தவறினால் பதிவு ரத்து. அந்த மாதத்தோடு விடுப்பும் முடிகிறது. வெறுங்கையோடு போய்ப் பழைய வகுப்பில் நிற்க வேண்டியதுதான்.

(இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும் என்று கை அரித்தது. ஒரு கொடுமைக்காரப் பேராசிரியரை வைத்துப் பார்த்தேன். கதைக்கு அவர் தேவைப்படவில்லை. அனுப்பிவிட்டேன்.)

3

வரலாறு தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இலங்கையின் தென்கோடியில் இருக்கிற ஊர் காலி. ஆங்கிலேயர் காலத்தில், ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் அங்கேதான் நின்றன. பயணிகள், தபால், மூட்டைகள் எல்லாம் அங்கே கப்பல் மாறின. அந்த இடைமாற்று வணிகத்தில் ஊரே பிழைத்தது. ஆனால் துறைமுகத்துக்குள் பாறைகள். தென்மேற்குப் பருவக்காற்றை நேராக நெஞ்சில் வாங்குகிற இடம். கப்பல் தள்ளி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே எல்லாம் வள்ளம் என்கிற துடுப்புப் படகில்தான். கொழும்பு 1870களில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியது. எண்பதுகளில் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கு நகர்ந்தன. போட்டி முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் ரவிச்சந்திரனின் கண்டுபிடிப்பு. வட ஜெர்மனியின் ஓர் ஆவணக் காப்பகத்தில், காலியிலிருந்த கப்பல் ஏஜெண்ட் ஒருவர் ஜெர்மன் கம்பெனிக்கு எழுதிய கடிதக்கட்டு அவருக்குக் கிடைத்தது. அதிலுள்ள கணக்கை வரைபடமாக்கினால், எல்லோரும் வீழ்ச்சி என்று எழுதிய காலத்தில் காலியின் கோடு மேலே ஏறுகிறது. 1883 ஜூன் ஒன்பதாம் தேதி மட்டும் மலபார் மிளகு நாலாயிரம் மூட்டை அங்கே கப்பல் மாறியிருக்கிறது. மடிக்கணினியில் அந்தக் கோட்டைக் காட்டியபோது அவர் முகம், பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் போல இருந்தது என்றாள் பிரபாலினி.

(கம்பெனியின் பெயரை மறைத்திருக்கிறேன். ஏஜெண்ட் போட்ட கையொப்பம் கிறுக்கல். ரவிச்சந்திரனாலேயே படிக்க முடியவில்லை. நானாக ஒரு பெயர் சூட்டப் போவதில்லை. கடிதங்களின் வாசகம் பிரபாலினியின் நினைவிலிருந்து வருவது; ஆகவே கொஞ்சம் என்னுடையது.)

4

பன்னிரண்டு வருட வேலையில் பிரபாலினிக்கு ஒரு பழக்கம் ஏறியிருந்தது. எந்தக் கோப்பு மேசைக்கு வந்தாலும் சரக்கு என்ன, எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அவள் தேடுவது வண்டியின் எண்ணை. வண்டி எண் இல்லாத சரக்கு அவளைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை.

அதே பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"எந்த வள்ளத்தில மாத்தினவை அண்ணா?"

"அதெல்லாம் சின்ன டீடெயில்ங்க."

"நாலாயிரம் மூட்டை. ஜூன் மாசம். வள்ளம் சின்ன விசயமோ?"

அவர் சிரித்தார். நீங்க ஹிஸ்டரி படிச்சிருக்கீங்களா என்று ஒரு குத்தும் குத்தினார். அவள் கோபப்படவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கொண்டெய்னரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்று சொன்னாள். பில்லில் டோர்ட்மண்ட் என்று இருக்கும். சாமான் அன்ட்வெர்ப்பில் இறங்கி நேரே போலந்துக்குப் போகும். சட்டப்படியே.

"பேப்பர் ஒரு வழியால போகும், சாமான் வேற வழியால போகும். அதுதான் கேட்டனான்."

ரவிச்சந்திரன் பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தார். நான்காம் அத்தியாயத்தில் அந்தக் கோடு. அவர் புரட்டியது இரண்டாம் அத்தியாயம். அதில் காலியில் வாழ்ந்த ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பை, கடல் வர்ணனை அழகாக இருக்கிறதே என்று, முழுப்பக்கம் எடுத்துப் போட்டிருந்தார். அதே 1883, ஜூன் மூன்று முதல் பதினான்கு வரை அலை. ஒரு வள்ளமும் துறையை விட்டு நகரவில்லை.

இரண்டு அத்தியாயங்களையும் எழுதியது ஒரே கை. நடுவில் ஒன்றரை வருட இடைவெளி. வழிகாட்டியவர், வாசித்த நண்பர்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"கொழும்புல மாத்திட்டு, காலின்னு எழுதிட்டான்" என்றார் கடைசியில்.

(கப்பல் கப்டனுக்குத் தெரியாதா? நானும் கேட்டேன். கடிதத்தில் கப்டனின் கையெழுத்தும் இருந்ததாம். கூட்டாளி.)

5

இப்போது அந்த ஏஜெண்டை என்ன செய்வது?

முதல் வரைவில் அவரைத் திருடனாக்கினேன். தரகுக்காக எழுதிய பொய். எழுதி முடித்ததும் அந்த ஆள் காகிதத்தில் சப்பென்று கிடந்தார். இரண்டாவது வரைவில் ஊர்ப்பெருமை பிடித்தவராக்கினேன். நாலு வரிக்கு மேல் பேச்சு வரவில்லை. மூன்றாவதாக நான் ஒன்றும் ஆக்கவில்லை. கடிதக்கட்டில் கடைசியாக இருந்ததை ரவிச்சந்திரன் ரயிலில் படித்துக் காட்டியிருக்கிறார்:

'ஒரு கப்பலையாவது அனுப்புங்கள். இங்கே நூற்றிருபது துடுப்புகள் காத்திருக்கின்றன.'

காலியில் வணிகம் இன்னும் நடக்கிறது என்று அவர் காட்டிய கணக்கை நம்பிக் கம்பெனி அனுப்பியது. இன்னும் இரண்டு வருடம், மாதம் ஒரு கப்பல், நிஜமான கப்பல், நிஜமான மூட்டைகளோடு. அலைதடுப்புச் சுவரோடும் அரசாங்கத்தோடும் ஒரு மனிதர் மைக்கூட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றிருக்கிறார். சரியா தவறா என்று கேட்காதீர்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"விண்ணன்" என்று அவர் கெட்டிக்காரத்தனத்தை மெச்சியிருக்கிறாள் பிரபாலினி.

ரவிச்சந்திரனும் சிரித்திருக்கிறார். "நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு என்னையும் ஏமாத்திட்டாரே."

பிறகு இருவரும் சிரிக்கவில்லை. இதுதான் எழுத வேண்டிய ஆய்வு. ஆனால் எழுத மூன்று மாதமாவது ஆகும். கையிலிருப்பதோ மூன்று மணி நேரம். அப்படியே கொடுத்தாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தெரிந்தது இரண்டே பேருக்கு. அதில் ஒருத்தி டோர்ட்மண்டில் இறங்கிவிடுவாள்.

"நான் வாயைத் திறந்திருக்கப்படாது."

"சொல்லாம இறங்கியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். சொல்லிட்டீங்க."

(என்னைப் பெரிய ஆளாக்காதே என்றாளே. அவள் வள்ளத்தைக் கேட்டது பழக்கத்தில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேப்பர் வேறு, சாமான் வேறு என்று சொன்னபோது, மடியிலிருந்த பெட்டியை அவள் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். மன்னித்துக்கொள் தங்கச்சி, இந்த வரியை அடிக்க மாட்டேன்.)

6

மரத்தை அகற்றினார்கள். ரயில் ஹம் நகரைத் தாண்டி டோர்ட்மண்ட் வந்தது. அவள் விடைபெற்று இறங்கினாள். தொலைபேசி எண் வாங்கத் தோன்றவில்லை. எதிர் நடைமேடையில், வந்த வழியே ஹனோவர் திரும்பும் ரயில் நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் ரவிச்சந்திரன் பெட்டியோடு எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணுக்காக அவள் ஒதுங்க வேண்டியிருந்தது. மறுபடி பார்த்தபோது கதவு மூடி, கொலோன் ரயில் நகர்ந்துவிட்டது. நடைமேடை நிறைய சனம்.

ஒப்படைக்காமல் திரும்பிப் போக, இறங்குவதற்காக எழுந்தாரா? அவள் விட்டுப்போன ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார எழுந்தாரா?

'ஹனோவர் ரயிலின் படியில் கால் வைத்த ரவிச்சந்திரன்' என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகவே வந்தது. 'மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க அலுவலகக் கதவை' என்று இன்னொன்று. அதுவும் பரவாயில்லை. பிரபாலினிக்குப் போன் செய்து இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எந்த வண்டியில போனவர் எண்டு நீங்கள் கண்டனீங்களோ அண்ணை?"

காணவில்லை. காலியின் ஏஜெண்ட் வராத மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டார்; அவருக்குப் பின்னால் நூற்றிருபது துடுப்புகள் இருந்தன. எனக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. இரண்டு முடிவுகளையும் கிழித்துவிட்டேன்.

பெட்டி இப்போது உங்கள் மடியில். மணி பன்னிரண்டே முக்கால். எதிர் ரயிலின் கதவு இன்னும் திறந்திருக்கிறது.