தொங்கவிட்ட பாரம்

அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் வானத்திலிருந்து விழப்போகிறது என்றிருந்த அந்த 1979 ஜூலை மாதப் புதன்கிழமை, ராயபுரத்தில் பாதிப் பேர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார்கள். மீதிப் பேர் கறி எடுத்துச் சமைத்துத் தின்றார்கள். சவரிநாதனுக்கு மட்டும் கோபம்.

அவர் துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தட்டிலிருந்து சரக்கறைக்குள் எட்டிப் பார்த்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று பாரம் தூக்கும் விஞ்சுக்காரனுக்குக் கை காட்டும் வேலை. பாரம் தொங்கும்போது மனுஷன் இருமக்கூட மாட்டார் என்பார்கள்.

“எழுபத்தேழு டன்னு அப்பாவு! ஏத்துனானே, எறக்க வழி வெச்சானா? அந்தரத்துல வுட்டுட்டு வூட்டுக்குப் பூட்டான். இன்னும் எத்தினி சனியன் மேல சுத்திகினு கீதோ!” என்று விஞ்சுக்காரன் அப்பாவுவிடம் காலையிலிருந்து பொரிந்து தள்ளினார்.

வாய் வானத்தைத் திட்டினாலும் மனசு கீழேதான் இருந்தது. சரக்கறைக்குள் நின்றவர்களில் ஒருவன் ஜேக்கப், மகள் ஐரீனின் புருஷன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. “அவர பத்திரமா இட்டுகினு வா நைனா” என்று ஐரீன் காலையில் அழுதிருந்தாள்.

இரும்புக் குழாய்க் கட்டு பாதி தூரம் இறங்கியிருந்தபோது கரையில் டமார் என்று ஒரு சத்தம். “வந்துட்ச்சிடோய்!” என்று எவனோ அலறினான். அவ்வளவுதான். அப்பாவு விஞ்சை விட்டுக் குதித்தான். சரக்கறை ஆட்கள் ஏணியில் முட்டி மோதி ஏறினார்கள். எல்லோரும் கூரை தேடிக் கரையிலிருந்த சரக்குக் கொட்டகைக்கு ஓடினார்கள். சவரிநாதனும் ஓடினார்.

வெடித்தது லாரி டயர் என்று கொட்டகைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. ஆளாளுக்குச் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஜேக்கப் இல்லை. அப்பாவுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப ஓடினார்.

விஞ்சின் பிரேக் பழசு. கட்டு ஆடிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. ஜேக்கப் கீழே ஏணிக்கு எதிர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றான். ஏணிக்கு வர வேண்டுமென்றால் கட்டுக்கு அடியில்தான் வர வேண்டும்.

அப்பாவு பிரேக்கை அழுத்திப் பிடித்தான். சவரிநாதன் கை காட்டினார். நடுக்கத்தில் அது ஏற்றா, இறக்கா என்றே தெரியவில்லை.

“ஒயுங்கா காட்டுண்ணே!”

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காட்டினார். கட்டு தரையில் உட்கார்ந்தது.

ஜேக்கப் தொப்பலாக வியர்த்து மேலே வந்தான்.

“ஒரு கொரல் குடுக்கக் கூடாதாடா?” என்றார்.

“எதுக்கு மாமா? மத்தவனுங்க ஓடிட்டானுங்க. நீ போவ மாட்டன்னு தெரியும். அதான், எனக்காவ எவ்ளோ மெதுவா எறக்குன!”

அப்பாவு தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் எறக்கலடா ஜேக்கப்பு” என்றார் சவரிநாதன். “ஓடிட்டேன்.”