கொள்ளைக்காரனின் பற்கள்

வண்ணம் தீட்டும் போட்டிக்கு வந்த பொம்மைகளை மேடைக்குப் பக்கத்தில், கறுப்புத் துணி விரித்த நீள மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எண் மட்டும். தீட்டியவர் பெயர் நடுவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அல்போன்சா தன்னுடைய பதினான்காம் எண் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றவற்றைப் பார்த்தபடி நகர்ந்தாள். இருபத்தேழாம் எண்ணுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

அது அவள் தீட்டியது. ரெசினில் அச்சடித்த மார்பளவு உருவம். ஒரு சாண்கூட உயரமில்லாத கிழட்டுக் கடற்கொள்ளைக்காரன். தலையில் துணிக்கட்டு, ஒரு கண்ணில் மறைப்பு, வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்பில் தெரிந்த ஒன்பது பற்களுக்கு மட்டும் அவளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன.

அல்போன்சாவுக்கு முப்பத்தாறு வயது. பாலக்கரையில், பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் பதிமூன்று வருடமாக வேலை. வாயில் இருக்கும் மற்ற பற்கள் என்ன நிறமோ, அதே நிறத்துக்குப் பீங்கான் பல்லைக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் கட்டைவிரல் உயர வீரன் பொம்மைக்குக் கண் தீட்டுவதைப் போனில் பார்த்தாள். தினமும் லேபில் செய்கிற வேலைதானே இது என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. பூசை முடிந்து வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசை அவளுடையது. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் அற்புதசாமி அன்றைக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகியிருந்தான்.

திருச்சியில் இதே கிறுக்குப் பிடித்த பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ரெங்கராஜ் அங்கேதான் பழக்கம். ஸ்ரீரங்கத்துக்காரர். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. உருவங்களை ரெசின் பிளாஸ்டிக்கில் அச்சடிக்கும் 3டி பிரிண்டர் வைத்திருந்ததால் குழுவில் எல்லாருக்கும் அவர் தேவைப்பட்டார், எல்லாருக்கும் அண்ணா. போன ஆடி மாதம் இந்தக் கொள்ளைக்காரனை ஒரு ஷூ டப்பாவில் வைத்து அவள் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"பெங்களூர்ல எங்க அண்ணனுக்கு அம்பதாவது பொறந்தநாள் வருது. நான் தீட்டினா கெடுத்துடுவேன். நீங்க பண்ணிக் கொடுங்க அல்போன்சா, ப்ளீஸ்."

அவள் ஒத்துக்கொண்டாள். கூலி என்ற பேச்சே இல்லை, சிநேகிதத்துக்குச் செய்தது. நான்கு மாத ஞாயிறுகள் அதற்கே போயின. அதனால்தான் போட்டிக்கான சொந்தப் பொம்மையை மூன்றே வாரத்தில் அவசர அவசரமாக முடிக்கும்படி ஆயிற்று. அது, போர் முடிந்து பாறைமேல் உட்கார்ந்து காலணியைக் கழற்றும் ஒரு படைவீராங்கனை.

கண்டோன்மென்ட் பக்கத்து ஏசி கல்யாண மண்டபத்தில் நடந்த விழா அது. காமிக்ஸ் கடைகள், விளையாட்டு அட்டைகள், அட்டைக் கவசமும் ஒட்டு மீசையுமாகத் திரியும் கல்லூரிப் பிள்ளைகள். கூட்டத்தில் தேடி ரெங்கராஜைக் காபிக் கடைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அண்ணா, நம்ம கொள்ளைக்காரன் போட்டி மேசையில இருக்கானே?"

"ஆமா, சும்மா டிஸ்பிளேக்குத்தான். நல்ல பீஸ் கம்மியா இருக்குன்னு ரஃபீக் கேட்டான்."

ரஃபீக்தான் விழாவை நடத்துகிறவன்.

"நம்பர் போட்டிருக்கு."

"எல்லாத்துக்கும் போட்டுட்டாங்க போல. நான் சொல்லிடுறேன்."

"உங்க அண்ணனுக்குன்னு சொன்னீங்க."

"அவன் இன்னும் வந்து வாங்கிக்கல." அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கோ கையாட்டியபடி நகர்ந்துவிட்டார்.

அவள் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

ஒரு மணிக்கு முடிவு சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நடுவர் சகாயநாதன் அமைதியான மனிதர். ஒவ்வொரு பொம்மையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு என்று சொல்லிக்கொண்டே வந்து, "முதல் பரிசு இருபத்தேழு. இந்த முகத்துல ஒரு மனுஷனோட அறுபது வருஷம் இருக்கு. அந்தப் பல்லைப் பாருங்க. நான் இருபது வருஷமா தீட்டுறேன், என்னால முடியாது" என்றார்.

ரஃபீக் உறையைப் பிரித்துப் பெயரைப் படித்தான். ரெங்கராஜ் மேடையேறினார். வேட்டி கட்டியிருந்தார். கேடயத்தை வாங்கிக்கொண்டு, குனிந்து நன்றி சொன்னார். கூட்டத்தில் அல்போன்சாவைப் பார்த்திருக்க வேண்டும். பார்வை அவள் தலைக்கு மேலே கடந்து போயிற்று.

அவளுக்குக் காது சூடாயிற்று. கை தட்டுகிறவர்களைப் பார்த்தாள். அவர்கள் தட்டுவது தன் பற்களுக்குத்தான், அதை வாங்கிக்கொண்டிருப்பது வேறு ஆள். மேடையை நோக்கி நான்கு அடி வைத்தவள், பக்கவாட்டில் இப்போதுதான் கட்டியிருந்த பேனரைப் பார்த்து நின்றாள். ‘மாலை 4 மணி: வயதான முகத்தைத் தீட்டுவது எப்படி? பயிற்சி அளிப்பவர்: ரெங்கராஜ், ஸ்ரீரங்கம்.’ கீழே கொள்ளைக்காரனின் படம். அவள் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அவளே எடுத்து, ரெங்கராஜுக்கு மட்டும் அனுப்பிய படம்.

பேனர் அடிக்க நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். காலையில் காபிக் கடையில் அவர் சொன்னதெல்லாம் நடிப்புதான் என்பது அப்போதுதான் உறைத்தது. கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. மூன்றே முக்காலுக்குப் பயிற்சி நடக்கும் சின்ன ஹாலுக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் ஒரு தலைப் பொம்மை, இரண்டு பிரஷ், சின்னச் சின்னக் குப்பியில் வண்ணங்கள். ரெங்கராஜ் உள்ளே வந்தார், அவளைப் பார்த்தார், முகம் ஒரு கணம் மாறிச் சரியாயிற்று. பேச்சு அவருக்கு நன்றாக வரும். ஒளி, நிழல், பொறுமை என்று கால் மணி நேரம் ஓட்டினார். பிறகு பிரஷ்ஷை எடுக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் பழுப்பைத் தடவினார். தண்ணீர் அதிகம், வண்ணம் வழிந்து கழுத்தில் தேங்கியது. துடைத்தார். துடைத்த இடம் திட்டாயிற்று. கேமரா அதைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தது. அல்போன்சா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "சார், அந்தப் பல்லுக்கு எப்படி அந்தக் கலர் கொண்டுவந்தீங்க? நிஜப் பல்லு மாதிரியே இருக்கு."

"அது சிம்பிள்மா. வெள்ளை. ப்யூர் ஒயிட்டை ரெண்டு கோட் கொடுத்து, மேல தண்ணியா கொஞ்சம் பிரவுன் வாஷ்."

வெள்ளை.

அவ்வளவு நேரம் உள்ளே அடைத்து வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் உடைந்தது. அல்போன்சா எழுந்தாள்.

"எந்தப் பல்லும் வெள்ளை இல்ல."

ஹால் திரும்பிப் பார்த்தது. ரெங்கராஜ் அவசரமாகச் சிரித்தார். "நம்ம குரூப் மெம்பர்தான். அல்போன்சா, வாங்க, இந்தப் பகுதியை நீங்க கொஞ்சம் விளக்குங்களேன். எனக்கு ஹெல்ப் பண்ணவங்க இவங்க."

"ஹெல்ப்பா?" அவள் முன்னால் போய் மைக்கை வாங்கினாள். "இந்தப் பல்லுல ஒரு சொட்டு வெள்ளை கிடையாது. ஈறு ஓரத்துல மஞ்சளும் பழுப்பும். நடுவுல சாம்பல் கலந்த தந்த நிறம். நுனியில வெளிச்சம் ஊடுருவுற மாதிரி இத்துனூண்டு நீலம். இடது பக்கம் ரெண்டாவது பல்லு செத்த பல்லு, அதனால அது மட்டும் கருத்திருக்கும். பதிமூணு வருஷமா பல்லு செய்றவ நான். இதைத் தீட்டினது நான். இவங்க அண்ணனுக்குப் பொறந்தநாள் பரிசுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. படிப்படியா எடுத்த படம் எல்லாம் என் போன்ல இருக்கு, யார் வேணும்னாலும் பாருங்க."

ரெங்கராஜ் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார். "மாடல் என்னுது. பிரிண்ட் நான் போட்டேன். ப்ரைமர் அடிச்சது நான். உங்களுக்கு மட்டும் சொந்தமான மாதிரி பேசாதீங்க. தனியாப் பேசிக்கலாம்."

"காலையில தனியாத்தானே பேசினேன் ரெங்கராஜ்? டிஸ்பிளேக்குன்னு சொன்னீங்க."

"அண்ணாங்கிறதெல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

ரஃபீக் ஓடிவந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், காலையிலிருந்து சாப்பிடாத முகம். "அக்கா, அக்கா, புரோகிராமைக் கெடுத்துடாதீங்க. சாயங்காலம் இன்ஸ்டாகிராம்ல ஒரு போஸ்ட் போட்டுடுறோம்."

"அவர் எழுதிக் கொடுத்த ஃபார்மை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தான். ‘இந்த உருவத்தை முழுவதும் நானே தீட்டினேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே ரெங்கராஜின் கையெழுத்து இருந்தது. சத்தம் கேட்டு வந்த சகாயநாதன் அதைப் படித்தார். அல்போன்சாவின் போனை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "பெரிய மேடையில சொல்லணும், ரஃபீக். இப்பவே" என்றார்.

ரஃபீக் மேடையில் மைக்கைப் பிடித்து, "ஒரு சின்னக் கன்ஃபியூஷன்" என்று ஆரம்பித்தான். அல்போன்சா கீழேயிருந்து கூப்பிட்டாள். "கன்ஃபியூஷன் இல்ல தம்பி. பொய். அப்படியே சொல்லுங்க." அவன் இருபத்தேழாம் எண்ணைத் தீட்டியவர் அல்போன்சா, பொய்யாகப் பதிவு செய்ததால் அது நீக்கப்படுகிறது என்று சொன்னான். மண்டபத்தில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. இரண்டு பேர் அட்டைக் கத்தியால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெங்கராஜ் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"முதல் பரிசை நீங்கதான் வாங்கிக்கணும்" என்றார் சகாயநாதன்.

"அதை நான் போட்டிக்குக் கொடுக்கலயே சார். பதினாலு என்ன ஆச்சு?"

அவர் தயங்கினார். "நாலாவது. கவசத்துல உலோகம் ரொம்ப நல்லா வந்திருக்கு. முகத்தை முடிக்காம விட்டுட்டீங்க."

உண்மைதான். நேரமில்லாமல் விட்ட முகம். அந்த நேரம் கொள்ளைக்காரனுக்குப் போயிருந்தது. ஒன்று நீங்கியதால் பதினான்கு மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது ரஃபீக் மறுபடி வந்தான். "அக்கா, உள்ள இருபது பேரும் உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பயிற்சியை நீங்களே எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"யாருக்குச் சரியாயிடும்?"

அவன் சின்ன ஹால் பக்கம் கையைக் காட்டினான்.

"நாலு மாசம் ஒருத்தர் என் கையை எடுத்துக்கிட்டாரு. இப்ப நீங்க கேக்குறீங்க. இன்னைக்கு முடியாது." கல்லூரிப் பெண் கதவோரத்தில் நிற்பதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் கோபமில்லை. ஆனாலும் திரும்பவில்லை; வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் அற்புதசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீதான் பண்ணினேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சுல்ல, விடு. அந்தப் பசங்களுக்காவது சொல்லிக் கொடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றான்.

"உன் பட்டறையில நீ செஞ்ச வேலைக்கு இன்னொருத்தன் பேர் வாங்கினா, அன்னைக்கே ஓவர்டைம் பார்ப்பியா?"

அவன் யோசித்தான். "பார்க்க மாட்டேன்."

"அப்ப பேசாத."

வாட்ஸ்அப் குழுவிலிருந்து ரெங்கராஜ் ஒரு வார்த்தையும் எழுதாமல் வெளியேறிவிட்டார். மூன்று பேர் அவளுக்குத் தனியாக எழுதினார்கள்: நமக்குள் பேசி முடித்திருக்கலாம், நல்ல மனுஷன், இனி பிரிண்டுக்கு எங்கே போவது? அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், லேப் வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்தினாள். நாற்பது வயதிருக்கும். கையில் பழைய ஷூ டப்பா. "நான் ஸ்ரீவித்யா. ரெங்கராஜ் வீட்ல" என்றாள். அல்போன்சா உள்ளே கூப்பிட்டாள். அவள் வரவில்லை.

"நான் மன்னிப்பு கேக்க வரலங்க. கேக்க வேண்டியது அவரு. ஞாயித்துக்கிழமையானா ரூமைச் சாத்திக்கிட்டு இதைத் தீட்டுறதா சொன்னாரு. நான் காபி போட்டுக் கதவுக்கிட்ட வச்சுட்டு வருவேன். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு டிவியைக்கூடப் போட மாட்டேன்." பேசப் பேச அவள் கழுத்து நரம்பு புடைத்தது. "எங்க தெருவுல ஒரு வீடு விடாம போட்டோ காட்டியிருக்கேன். இப்ப ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி இல்லேன்னு சொல்லிட்டிருக்கேன். இது எங்க வீட்ல இருக்க வேண்டாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். தடுக்கல." அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அப்புறம் நிறுத்தி, "அந்தப் பல்லு நிஜமாவே நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அல்போன்சா மேசை விளக்கடியில் டப்பாவைத் திறந்தாள். உருவத்துக்கு ஒரு சேதமும் இல்லை. திருப்பிப் பார்த்தபோது பீடத்தின் அடியில் கறுப்பு மார்க்கரில் அழகான கையெழுத்தில் ‘ரெங்கராஜ்’ என்றிருந்தது, கூடவே தேதி. அவள் அதை முடித்துக் கொடுத்த மறுநாள் தேதி.

பீங்கான் பல்லைத் தேய்க்கும் சின்ன மிஷினை எடுத்துப் பெயர்மேல் வைத்து அழுத்தினாள். மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை. அவளுக்கு மெதுவாகச் செய்யப் பிடிக்கவில்லை. கடைசி எழுத்தில் முனை வழுக்கி, பீடத்தின் விளிம்பைத் தாண்டிப் போய், கொள்ளைக்காரனின் சிவப்புக் காலர் ஓரத்தைக் கீறிவிட்டது. அடியிலிருந்த சாம்பல் ரெசின் தெரிந்தது.

பக்கத்து மேசையில் மெழுகு வார்த்துக்கொண்டிருந்த செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் லேபில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். "பேர் போயிடுச்சு. கோபம் போச்சா?"

"இல்ல."

பைக்குள்ளிருந்து சிவப்புக் குப்பியை எடுத்து ஒரு சொட்டைத் தட்டில் விட்டாள். நுனி பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு, விளக்கை இன்னும் தாழ்த்திக்கொண்டு, கீறலை மூட ஆரம்பித்தாள்.