எட்டு மீட்டர் உயரத்தில் நான் பேசாமல் இருந்த நேரம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. நார்வேயின் ஓலெசுன் நகரில் எங்கள் பெயின்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் கேட்டார். நடந்ததை மட்டும் எழுது ஹால்வர், வளவளக்காதே என்றார். நான் உயிரோடு இருப்பதே அந்த வளவளப்பால்தான் என்பது அவருக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: எட்டு மீட்டர் உயரத்திலிருந்து அவன்...

(இல்லை. யாரும் விழவில்லை. உயரம் என்றாலே விழுவதைத்தான் நினைக்கிறோம். நசுங்கவும் செய்யலாம்.)

இரண்டாவது தொடக்கம்: மீன் கிடங்குக் கூரையின் உட்புறத்துக்கு வெள்ளை அடிக்க, நீண்ட இரும்புக் கையால் ஆளைத் தூக்கும் பூம் லிஃப்டின் கூடையில் நின்று மேலேறிக்கொண்டிருந்தேன். கீழே துரீத் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறவள். என் ஓயாத பேச்சை அத்தனை வருடமும் சகித்தவள். அன்று பேச்சு, என் மைத்துனன் வாங்கிய ஓட்டைப் படகைப் பற்றி. பின்னால், தலைக்கு மேலே குறுக்காக இருந்த இரும்பு உத்தரத்தை நான் பார்க்கவில்லை. அது முதுகில் முட்டி, கூடையை இயக்கும் கைப்பிடியின் மேலேயே என்னைக் கவிழ்த்தது. என் நெஞ்சு அதை அழுத்த அழுத்த, கூடை இன்னும் மேலே போனது. கத்துவதற்கு மூச்சில்லை.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: கூடையில் காலடியில் ஒரு மிதி உண்டு. அதை மிதித்திருந்தால்தான் லிஃப்ட் நகரும்; காலை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் கால் வலிக்கிறதென்று அதில் யாரோ ஒரு கட்டையைச் செருகி... யாரோ இல்லை. நான்தான்.)

3

துரீத் ஓடிவந்து, கீழே லிஃப்டின் வண்டியிலிருக்கும் அவசர விசையால் என்னை இறக்கினாள். மூன்று விலா எலும்புகள் போயின. உயிர் இருக்கிறது. துரீத், உனக்கு நன்றி. கதைக்குள் இப்படி நேராகச் சொல்லக்கூடாது என்பார்கள், சொல்லிவிட்டேன். காலையில் காபி நெஞ்சுக்குள் சூடாக இறங்குகிறதே, அதற்கும் சேர்த்துத்தான்.

அவள் மின்னலாகப் பாய்ந்தாள் என்று ஒரு பத்தி எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டினேன். தின்றுகொண்டிருந்த வாஃபிள் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அதை அடிச்சிடு. நீ பேச்சை நிறுத்தினது எனக்குத் தெரிஞ்சுது. அப்பாடா, ஒரு வழியா வாயை மூடினான்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சு, ஹால்வர். கொஞ்ச நேரம் அப்படியே கலக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான், இவன் சும்மா இருக்கற ஆளில்லையேன்னு நிமிர்ந்து பார்த்தேன்."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்போது பார்த்தேன்.

4

கட்டையைச் செருகியது நான்தான் என்றேன். தெரியும், அதற்குத் தனியாகத் திட்டு வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு கேட்டாள்.

"நான் நிமிர்ந்து பார்க்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் இருக்கும்? உனக்குத் தெரியுமா?"

முடிவு ஒன்று: தெரியாது என்கிறேன்.

முடிவு இரண்டு: உண்மையை...

நான் சொன்னது இதுதான்: "என்ன நேரம்? நீ உடனே பார்த்துட்டே."

ஆனால் மேலே வேறு எதுவும் செய்ய முடியாமல், நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. துரீத் முழுத் தாளையும் தன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடைசிப் பத்தியைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? அவளால் உயிரோடு இருப்பது நீங்களாக இருந்தால், என்ன செய்வீர்கள்?