மணலுக்குப் பழகிய கால்

கொழுந்தன் முந்தின நாள் காலையில் போனவன், மறுநாள் விடிந்தும் வரவில்லை.

கல்வெளிக்கு நடுவில் இருக்கும் பாழுங்கிணறு வரைக்கும் புது வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்கு வந்துவிடுவேன் என்று அண்ணியான அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் புருஷனான அண்ணனிடம் சொல்லவில்லை. ஒரே பட்டறையில் முதுகும் முதுகும் உரச வேலை பார்த்தாலும், அண்ணனும் தம்பியும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. யார் கட்டும் வண்டி வண்டி என்பதுதான் சண்டை.

அண்ணன் மணல்மேட்டில் ஓடும் பந்தய வண்டி கட்டுகிறவன். அது கொக்கு மாதிரி. மெல்லிய குழாய்க்கூடு, எடையே கிடையாது, பின்டயரில் துடுப்புத் துடுப்பாக ரப்பர். மணலை வாரித் தள்ளிக்கொண்டு மேடேறும். தம்பி கட்டுவது கல்வெளி வண்டி. அது எருமை. கனத்த குழாய், வயிற்றுக்குக் கீழே இரும்புத் தகடு, முழ நீளம் ஏறி இறங்கும் ஸ்பிரிங், தடித்த டயர், முதுகில் ஒரு ஸ்டெப்னி. கொக்கை ஏரில் பூட்ட முடியுமா? எருமையைத்தான் பறக்கவிட முடியுமா? இரண்டுக்கும் வெல்டிங் வைத்தவள் அவள். எது எங்கே ஒடியும் என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்துப் பட்டறை வண்டிகளெல்லாம் பந்தயத்துக்குப் போயிருந்தன. வர மூன்று நாளாகும். கல்வெளியில் போன் எடுக்காது. கொழுந்தன் கொண்டுபோனது ஒரு நாளைக்கான தண்ணீர். வாசலில் நின்றிருந்தது கொக்கு ஒன்றுதான்.

"இதுல கல்லுல போனா முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கிற ஆர்ம் தாங்காதுங்க" என்றாள்.

"அப்ப என்ன, அவன் காய்ஞ்சு கருவாடாகட்டும்னு விட்டுடலாமா?" என்றான் புருஷன்.

"விடச் சொல்லல. மெதுவாப் போங்கன்னு சொல்றேன். நானும் வர்றேன்."

இரண்டு கேன் தண்ணீரைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மணல் முடிகிற இடம் வரை வண்டி வெண்ணெயில் கத்தி போலப் போனது. அப்புறம் கல். கூடு முழுக்க நெறுநெறுவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த ஒலி டயருடையது, எது குழாயுடையது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டாள்.

மணலில் ஓட்டுகிறவனுக்குக் கால்தான் புத்தி. வேகம் குறைந்தால் வண்டி புதைந்துவிடும். சந்தேகம் வந்தால் அழுத்து என்றே அந்தக் கால் இருபது வருஷமாகப் படித்திருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது தானாக இறங்கும்.

"கால எடுங்க."

"எடுத்துட்டேன்டி."

"எங்க எடுத்தீங்க? வண்டி குதிக்குது!"

மூன்று மணி நேரம் இப்படியே போனார்கள். வெயில் ஏறிவிட்டது. அப்போது தூரத்தில் ஏதோ மின்னியது. கொழுந்தனின் வண்டிக் கண்ணாடி.

"அதோ! அதோ நிக்குது பாரு!" என்று கத்தினான் புருஷன். சந்தோஷத்தில் கால் அவனைக் கேட்காமலே அழுத்திவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் முன்பக்கம் படீரென்றது. வலது சக்கரம் மடங்கி, வண்டி ஒருக்களித்து, கல்லில் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. ஒரு கேன் உடைந்துவிட்டது. தண்ணீர் விழுந்த இடத்தை அவள் பார்க்கும்போதே அது காய்ந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்த கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கொழுந்தன் வண்டி நிழலில் படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது.

"வாங்க அண்ணி" என்றான். "விருந்தாளி வர்ற நேரமா இது?"

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். அவன் வண்டி அச்சு வரைக்கும் மணலில் உட்கார்ந்திருந்தது.

"மேல ஒரு பிடி சரளை, அடியில பூரா மணல் அண்ணி. அமுங்குற மாதிரி இருந்துச்சு. கால எடுத்துட்டேன்."

"மணல்ல எவனாவது கால எடுப்பானாடா?" என்றான் அண்ணன். ஒரு மாதத்தில் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

தம்பி தூரத்தில் சாய்ந்து கிடந்த கொக்கைப் பார்த்தான். "கல்லுல எவனாவது அழுத்துவானா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. பேசினா தண்ணிதான் செலவாகும்" என்றாள். "டயர்ல காத்த எறக்கி, மூணு பேரும் தோண்டினா வண்டி வெளிய வந்துடும்."

"அது தெரியும் அண்ணி. நேத்தே எறக்கியிருப்பேன். தனியாளாத் தோண்ட முடியல. தோண்டி வந்தாலும், காத்து இல்லாத டயரோட கல்லுல போனா கிழிஞ்சுடுமே. திரும்ப அடிக்க பம்பு?" அவன் அண்ணனைப் பார்த்தான். "எப்பவும் நீதானே தூக்கிட்டுப் போவே?"

"நீ எடுத்துட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

பட்டறையில் பம்பு ஒன்றுதான். அது இப்போது பட்டறைச் சுவரில், ஆணியில், தொங்கிக்கொண்டிருக்கும். அவள் கண்ணுக்குள் அது தெளிவாகத் தெரிந்தது.

கேனை ஆட்டிப் பார்த்தாள். பாதிக்கும் கீழே. இன்னும் மூன்று நாளுக்கு இந்தப் பக்கம் ஈ காக்கை வராது.

முதல் டயரருகே மண்டியிட்டு வால்வை அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று போயிற்று. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. வண்டியில் கிடந்த ஒரு தகரத்தாலும் வெறுங்கையாலும் தோண்டினார்கள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் கொடுத்துத் தள்ள, எருமை முனகிக்கொண்டே மேலே வந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை.

"யாரு ஓட்டுறது?" என்றான் புருஷன். கேட்ட பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான். தோண்டித் தள்ளிய கொழுந்தனால் இப்போது கையைத் தூக்கவே முடியவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

நடக்கிற வேகத்தில் வண்டி கல்லுக்குள் இறங்கியது. தொய்ந்த டயருக்குள் முதல் கல் அமுங்கி விலகியது. அடுத்தது கொஞ்சம் கூரான கல். வீடு இன்னும் நாற்பது கிலோமீட்டர். மூன்று பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ரப்பரின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.