பங்காளி வீட்டு மனு

கோர்ட்டுக்குக் கிளம்பி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் மாஜிஸ்திரேட் சிவக்குமார் அந்த ஜாமீனைக் கொடுத்திருப்பார். "கதிர்வேலுன்னு ஒரு பையன் மனு இன்னைக்கு உங்கிட்ட வருதாமா. மயில்சாமி பையன், நம்ம பங்காளிங்க. அப்பங்காரன் இழுத்துக்கிட்டுக் கெடக்கறான். பாத்து உட்ரு சாமி" என்றார் அப்பா. கேஸ் விஷயம் போனில் பேசக்கூடாது என்று எத்தனை முறை சொல்வது என்று கத்திவிட்டு சிவக்குமார் வைத்துவிட்டார். கத்தியதால் கேட்டது கேட்காததாகிவிடுமா?

சொந்த மாவட்டத்தில் நீதிபதியைப் போட மாட்டார்கள். அவருடைய ஊர் சங்ககிரிப் பக்கம், சேலம் மாவட்டம். வேலை பார்ப்பது நாமக்கல் மாவட்டம். சட்டப்படி எல்லாம் சரிதான், ஆனால் சொந்தக்காரர்களுக்கு மாவட்ட எல்லையெல்லாம் தெரியாதே. பரீட்சை எழுதி வேலைக்கு வந்து, பரமக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் யாரென்று தெரியாத மனிதர்களுக்கு நிம்மதியாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இங்கே வந்த பிறகு கல்யாணத்துக்குப் போவதில்லை, காதுகுத்துக்குப் போவதில்லை. கூடப் பயிற்சி எடுத்த மோகன்குமார் தன் சாதிக்காரன் ஒருவனுக்கு முறைப்படிதான் ஜாமீன் கொடுத்தான். டீக்கடைப் பேச்சு விசாரணை வரைக்கும் போய், பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் வரவேயில்லை. இந்த வருடப் பட்டியலில் சிவக்குமார் பெயர் இருக்கிறது. அந்தப் பயம் அவரோடு சாப்பிட்டது, அவரோடு தூங்கியது.

கதிர்வேல் லாரி டிரைவர். முதலாளியின் வண்டியிலிருந்து இரண்டு புது டயர்களைக் கழற்றி விற்றுவிட்டான் என்று புகார். டயர்கள் கிடைத்துவிட்டன, முன்வழக்கு ஒன்றும் இல்லை. வக்கீல் மதுமதி ஆஸ்பத்திரிக் காகிதங்களை நீட்டி, அப்பா சாகக் கிடக்கிறார் என்றாள். அரசு வக்கீல்கூட எழுந்து, பெரிதாக ஆட்சேபணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மனுவை வேறு கோர்ட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று சிவக்குமார் யோசித்தார். அனுப்பினால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் உறவு ஊருக்கே தெரிந்துவிடும். ஹாலின் கடைசியில், சுவரை ஒட்டி, நரைத்த கொண்டையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். குலதெய்வக் கோயில் பொங்கலில் அவளைப் பார்த்திருக்கிறார். இவர் சின்னப் பையனாக இருந்தபோது இலையில் இரண்டாம் தடவை பொங்கல் வைத்த கை அது. மயில்சாமியின் மனைவி சென்னியம்மாள்.

விசாரணை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது, சாட்சிகளைக் கலைக்க வாய்ப்பிருக்கிறது, மனு தள்ளுபடி என்றார். குரல் வழக்கத்தைவிட உறுதியாக இருந்தது. மதுமதி அவரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சென்னியம்மாள் இரண்டடி முன்னால் வந்தாள். போலீஸ்காரர் தடுத்தார். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்து சிவக்குமார் அடுத்த கட்டைக் கையில் எடுத்தார். அவள் அப்படிக் கூப்பிடவில்லை. யாரோ எவரோ போலக் கும்பிட்டாள்.

"நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்குமுங்க."

அவ்வளவுதான். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் நம்பித்தான் சொன்னாள். அடுத்து வந்த மனுவில் ஒரு பையன் வேலை பார்த்த கடையிலிருந்தே செல்போன்களை எடுத்து விற்றிருந்தான். பொருள் கிடைத்துவிட்டது, முன்வழக்கு இல்லை. அவன் எந்த ஊர், என்ன ஆள் என்று சிவக்குமாருக்குத் தெரியாது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி ஜாமீன் கொடுத்தார். அதுதான் நியாயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முந்தைய மனுவிலும் தெரிந்துதான் இருந்தது.

மதுமதி மேல்கோர்ட்டில் போட்ட மனு விசாரணைக்கு வருவதற்குள், வெள்ளிக்கிழமை விடிகாலையில், மயில்சாமி செத்துப்போனார். காரியத்துக்கு மகனைப் போலீஸ் காவலோடு அனுப்பக் கேட்டு மதுமதி வந்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் சிவக்குமார் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு வேகமாக அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அவள் நன்றி சொல்லாமல் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது மனைவி சித்ராவின் தலைமயிர் ஈரமாக இருந்தது. மாமா போன் பண்ணினார், எடுத்தாகிவிட்டதாம் என்றாள். பங்காளி வீட்டுச் சாவு, நமக்கும் தீட்டு உண்டு, தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னார் என்றாள்.

"பையன் வந்தானாமா?" என்று கேட்டார்.

"போலீஸோட வந்தானாமாங்க. கொள்ளி வெச்ச ஒடனே கூட்டிட்டுப் போயிட்டாங்களாமா. அப்பன் மொகத்தக் கடசீல ஒருக்காப் பாக்கறதுக்குத்தான் எல்லாரும் ஒதுங்கி எடம் உட்டாங்களாமா." துண்டை எடுத்து நீட்டி, "தண்ணி காஞ்சிருச்சுங்க, போயி ஊத்திட்டு வாங்க" என்றாள்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாளி நிறையச் சுடுதண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உறவு இருக்கிறவன்தான் இந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். உறவு இல்லையென்று காட்டத்தானே அந்த உத்தரவைப் போட்டார். ஊற்றிக்கொண்டால் என்ன, ஊற்றாமல் விட்டால் என்ன, எதைச் செய்தாலும் கேவலமாக இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். மக்கில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேல் வரை தூக்கினார்.

"ஊத்தியாச்சுங்களா?" என்று வெளியிலிருந்து சித்ரா கேட்டாள்.

தூக்கிய கை வலிக்க ஆரம்பித்தது. மக்கின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.